கைதட்டலுக்கு முந்துபவன் துப்பாக்கிக்குப் பிந்துவது ஏன்?

கேள்வி: பள்ளி மைதானத்தில் உடற்கல்வி ஆசிரியர் "ரெடி" சொல்லிக் கைதட்டும்போது என் மகன் எல்லோருக்கும் முன்பாகப் பாய்கிறான். மாவட்டப் போட்டியில் துப்பாக்கி வெடித்தபோதோ கடைசியாகக் கிளம்பினான். பயம்தான் காரணமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பயமும் இருக்கலாம், ஆனால் என் ஐயம் முதலில் அந்தக் கைதட்டலின் மீதுதான் விழுகிறது. "ரெடி"க்கும் கைதட்டலுக்கும் இடைப்பட்ட சிறு நேரத்தில் உடல் அசையாதிருந்தாலும் மூளை சும்மா இருப்பதில்லை. முன்னறிவிப்பு கிடைத்தது முதல் புறப்பாட்டுக் குறி வரும்வரை மூளையின் மின்னழுத்தம் மெல்ல எதிர்மறையாக நகர்ந்துகொண்டே போவதை, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூளை ஆய்வாளர் கிரே வால்டர் குழுவினர் 1964-இல் பதிவு செய்தார்கள். இந்த ஆயத்தம் கூடிவந்த நேரத்தில் ஓசை கேட்டால் கால் விரைந்து எழும். அதற்கு முன்பே கேட்டால் தாமதமாகும்.

இடைவெளி எப்போதும் ஒரே அளவாக இருந்தால், ஓசை வரும் நேரத்தை மூளை கணித்து வைத்துக்கொள்கிறது. ஒரு விநாடி அளவான காத்திருப்பில் இந்தக் கணிப்பு நன்றாகப் பலிக்கும். காத்திருப்பு நீள நீளக் கணிப்பில் பிழை பெருகி, எதிர்வினை மந்தமாகும். இடைவெளி மாறி மாறி வந்தால் நிலைமை தலைகீழ்: நேரம் கடக்கக் கடக்க "இதோ வந்துவிடும்" என்ற எதிர்பார்ப்பு கூடுவதால், நெடுநேரம் காத்திருந்த பின் வேகமாகவும், எதிர்பாராமல் சீக்கிரம் வந்த ஓசைக்கு மெதுவாகவும் புறப்படுகிறோம். உங்கள் மகன் ஆசிரியரின் தாளத்தை மனப்பாடம் செய்துவிட்டான் என்றே நினைக்கிறேன்.

துப்பாக்கி அந்தத் தாளத்தில் வெடிப்பதில்லை என்பதால் போட்டியில் இந்த மனப்பாடம் உதவாது, ஆபத்தும்கூட. சர்வதேசத் தடகள விதிப்படி வெடியோசைக்குப் பின் 0.100 விநாடிக்குள் புறப்பட்டாலே தவறான தொடக்கம். ஓசை காதில் விழுந்து தசையை எட்டவே அவ்வளவு நேரம் ஆகும் என்பது அதன் அடிப்படை. 2009-இல் பெர்லினில் 100 மீட்டர் ஓட்டத்தில் 9.58 விநாடி சாதனை படைத்தபோது உசேன் போல்ட்டின் எதிர்வினை நேரம் 0.146 விநாடி, அவரே 2011-இல் தென் கொரியாவின் தேகு நகரில் அதே ஓட்டத்தின் இறுதிப் போட்டியில் வெடிக்கு முன்பே பாய்ந்து வெளியேற்றப்பட்டார். 2022-இல் அமெரிக்காவின் யூஜீனில், 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில், 0.099 விநாடியில் கிளம்பியதாகப் பதிவான டெவன் ஆலன் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியால் வாய்ப்பை இழந்தார். மனித உடலுக்கு இவ்வளவு கறாராகக் கோடு கிழிப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

ஆசிரியரிடம் பேசுங்கள். ஒருமுறை ஒரு விநாடியில், மறுமுறை இரண்டு விநாடிக்கும் மேலாக என்று இடைவெளியை மாற்றித் தட்டட்டும். சில வேளை தட்டாமலே பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லட்டும். கைக்குப் பதில் மரக் கிளாப்பரை (ஒன்றோடொன்று அடித்து ஓசை எழுப்பும் மரப்பலகைகள்) பயன்படுத்தினால் இன்னும் நல்லது. ஓசை உரக்க ஒலித்தால் எதிர்வினையும் விரைவுபடும்.