கழுத்தா, காலா?

கேள்வி: சிங்கம் பாய்ந்தால் ஒட்டகச்சிவிங்கி கழுத்தால் அடித்து விரட்டுமா?

பதில்: நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கழுத்துச் சண்டையெல்லாம் ஆண்களுக்குள் நடக்கும் பங்காளித் தகராறு. சிங்கத்துக்குக் கால்தான். குளம்பு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். உதை சரியாக விழுந்தால் சிங்கத்தின் உயிரே போவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அதுவரை போகாது. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளியில், 5 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பதுங்கும் சிங்கம் தப்புவது கஷ்டம். 'பார்த்துட்டேன், கிளம்பு' என்பதுபோல் அதையே முறைத்துக்கொண்டு நிற்கும். மிஞ்சினால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். தண்ணீர் குடிக்கும்போதுதான் பாவம், முன்னங்கால்களை அகல விரித்துக் குனிய வேண்டும். அப்புறம் குட்டிகள்: தாய் தன் கால்களுக்கிடையே நிறுத்திக்கொண்டு உதைத்தாலும், ஏறக்குறைய பாதிக் குட்டிகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை.