வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: சிறுநீர் சிவந்தால்

வயது 58. மதுரையில் சாயப்பட்டறையில் 22 வருஷம் வேலை பார்த்தேன். போன மாதம் இரண்டு நாள் சிறுநீர் ரத்தமாகப் போனது. வலி, எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. சூடுதான் என்று வீட்டில் வெந்தயமும் இளநீரும் கொடுத்தார்கள், மூன்றாம் நாள் நின்றுவிட்டது. பீடிப் பழக்கம் உண்டு, நாளைக்கு ஒரு கட்டு. இனியும் டாக்டரைப் பார்க்கணுமா?
– வாசகர், மேலூர்

பார்க்கணும், இந்த வாரமே. உங்கள் கடிதத்தில் எங்களுக்கு உறுத்துவது ரத்தம் போனது மட்டுமல்ல, வலியே இல்லாமல் போனதும்தான். சூட்டினால் வரும் நீர்க்கடுப்பு என்றால் எரிச்சல் இருக்கும், சொட்டுச் சொட்டாகப் போகும், அடிக்கடி முட்டிக்கொண்டு வரும். கல் என்றால் பெரும்பாலும் விலாவில் பிடித்து அடிவயிறு, தொடையிடுக்கு வரை இழுக்கும். இது எதுவும் இல்லாமல் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் போனால், அதிலும் 40 வயதைத் தாண்டிய, புகைபிடிக்கும் ஒருவருக்குப் போனால், சிறுநீர்ப்பையில் கட்டி இல்லை என்று உறுதி செய்யும்வரை விடக்கூடாது.

ரத்தம் நின்றது இளநீரால் அல்ல. அந்த வகைக் கட்டியின் இயல்பே அப்படித்தான்: மேல்தோல் உரிந்து இரண்டு நாள் கசியும், தானாக அடங்கும், சில மாதம் கழித்துத் திரும்ப வரும். ‘அப்பவே நின்னுபோச்சே’ என்று இருந்துவிடுகிற அந்த மாதங்களில்தான் கட்டி பையின் தசைக்குள் இறங்குகிறது. அதற்கு முன் கண்டுபிடித்தால் பல நேரம் சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவி விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம்.

பீடிப் புகையில் உள்ள நச்சுகள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீரோடு பையில் மணிக்கணக்கில் தேங்குகின்றன. பழைய சாயப் பொருள்கள் சிலவற்றில் இருந்த பென்சிடின் வகை ரசாயனங்களும் இதே வேலையைத்தான் செய்யும். பட்டறையை விட்டு 20, 30 வருஷம் ஆன பிறகும் அதன் பாதிப்பு தலைகாட்டலாம். டாக்டர் கேட்காவிட்டாலும் பட்டறை வேலையை நீங்களே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் யோசித்துச் சொல்லுங்கள். ரத்தம் எப்போது வந்தது? தொடக்கத்தில் மட்டும் சிவந்து பிறகு தெளிந்தால் கசிவு பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயில். கடைசிச் சொட்டுகளில் மட்டும் என்றால் பையின் கழுத்திலோ, அதன் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலோ. முதலிலிருந்து கடைசிவரை ஒரே சிவப்பு என்றால் பையிலோ அதற்கு மேலோ. புழு மாதிரி நீளமாக உறைந்த ரத்தக் கட்டிகள் வந்திருந்தால் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் அச்சு அது. நிறத்தை வைத்து அளவை எடைபோட வேண்டாம். ஒரு லிட்டர் சிறுநீரில் 1 மி.லி. ரத்தம் கலந்தாலே நிறம் மாறிவிடும்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில், அதாவது ராஜாஜி அரசு மருத்துவமனையில், யூராலஜி, அதாவது சிறுநீர்ப் பாதை நோய்களுக்கான பிரிவு இருக்கிறது. அங்கே காட்டலாம். முதலில் சிறுநீர்ப் பரிசோதனையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்ப்பார்கள். சிறுநீரை லேப் கொடுக்கும் டப்பாவில்தான் பிடிக்க வேண்டும், கழுவிய தண்ணீர் பாட்டிலில் அல்ல. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோனால் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைப் புலத்துக்கு, அதாவது ஒரு தடவையில் கண்ணுக்குத் தெரியும் வட்டத்துக்கு, 3 சிவப்பணு இருந்தாலே அது கணக்கில் வரும். இப்போது ரத்தமில்லை என்று ரிப்போர்ட் வந்தாலும், கண்ணால் பார்த்த ரத்தம் பார்த்ததுதான். விசாரணை நிற்கக்கூடாது.

அடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பை நிறைந்திருக்க வேண்டும், முன்கூட்டி நாலைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு போங்கள். பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான்: ‘ஸ்கேன் நார்மல்’ என்றதும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பையின் சுவரில் ஒட்டிய சிறு கட்டி அல்ட்ராசவுண்டில் தப்பிவிடும். அதனால்தான் சிஸ்டோஸ்கோப்பி. மரத்துப்போகும் ஜெல் தடவி, மெல்லிய கேமரா குழாயைத் துவாரம் வழியாக விட்டு, சில நிமிடங்கள் உள்ளே பார்ப்பார்கள். பிறகு ஒன்றிரண்டு நாள் எரிச்சலும் லேசான ரோஸ் நிறமும் இருப்பது சகஜம். சிறுநீரகத்தையும் குழாய்களையும் பார்க்கத் தேவைப்பட்டால் சி.டி. எடுப்பார்கள். பீடியை இன்றே நிறுத்துங்கள்.

மகனுக்கு 7 வயது. காலில் சிரங்கு வந்து ஆறி மூன்று வாரம் ஆகிறது. நேற்றிலிருந்து ஒண்ணுக்கு டீத்தண்ணி கலரில் போகிறான். காலையில் கண் இமை வீங்கியிருக்கிறது. நிறையத் தண்ணீர் கொடுத்தால் சரியாகுமா?
– வாசகி, உசிலம்பட்டி

தண்ணீரை வற்புறுத்திக் கொடுக்காதீர்கள். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

தொண்டைப்புண்ணையும் சிரங்கையும் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடம்பு கிளப்பும் போராட்டம், சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டிகளைப் புண்ணாக்கிவிடும். தொண்டைப்புண்ணுக்குப் பிறகு என்றால் ஒன்று, இரண்டு வாரத்திலும், சிரங்குக்குப் பிறகு என்றால் 3 முதல் 6 வாரத்திலும் வரும். ரத்தம் வடிகட்டியிலேயே கசிந்து வெகுநேரம் சிறுநீரில் ஊறுவதால் சிவப்பாக இல்லாமல் டீ, கோலா நிறத்துக்கு மாறிவிடுகிறது. சிறுநீர் குறைந்து, தண்ணீரும் உப்பும் உடம்பில் தேங்கித்தான் முகம் வீங்குகிறது. அந்த நேரத்தில் மேலும் தண்ணீர் ஊற்றினால் ரத்தக் கொதிப்பு ஏறும்.

ஆஸ்பத்திரியில் பி.பி. பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு பி.பி. பார்ப்பது விட்டுப்போகிற காரியம், இந்த நோயில் ஆபத்து முக்கியமாக அதில்தான் இருக்கிறது. தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு, வலிப்பு என எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ் வேண்டாம். எவ்வளவு தண்ணீர் என்பதை டாக்டர் சொல்வார். பெரும்பாலான பிள்ளைகள் முழுசாகத் தேறிவிடுவார்கள். நிறம் தெளிந்த பிறகும் மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் ரத்தம் சில மாதம் நீடிக்கலாம், அதனால் பின்சோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்த அன்றே சிறுநீர் ஆரஞ்சு சிவப்பு. ரத்தமா?
– வாசகர், திருமங்கலம்

ரிஃபாம்பிசின் மாத்திரையின் சாயம். வேர்வை, கண்ணீர்கூட நிறம் மாறும். மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆனால் கண் மஞ்சளாகி, குமட்டலும் சேர்ந்தால் அது மஞ்சள்காமாலை, அன்றே காட்டுங்கள். பீட்ரூட் பொரியல் சாப்பிட்டவர்களுக்கும் மறுநாள் இப்படி ஒரு பயம் வருவதுண்டு.

மாமனாருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சிறுநீரில் ரத்தம் வருகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, மதுரை

நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். இருதய டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட விடக்கூடாது. மாத்திரைதான் காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. அந்த மாத்திரை பல நேரம், உள்ளே ஏற்கெனவே இருக்கும் கல்லையோ கட்டியையோ கசியவிட்டுக் காட்டிக்கொடுக்கிறது. மேலூர் வாசகருக்குச் சொன்ன பரிசோதனைகள் இவருக்கும் வேண்டும். ரத்தம் நிறுத்தும் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இருதய ரத்தக்குழாய்க்கும் அது ஆபத்து, சிறுநீர்க் குழாயிலும் ரத்தம் கட்டியாகி அடைக்கும்.

கட்டி கட்டியாக ரத்தம் வந்து, பிறகு முக்கினாலும் சிறுநீர் போகாமல் அடிவயிறு கல் மாதிரி உப்பினால் காலைவரை காத்திருக்காதீர்கள். இரவே அவசரப் பிரிவுக்குப் போய், டியூப் விட்டுப் பையைக் கழுவ வேண்டும். விலா வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.