டெலிநோவெலாவும் நம்ம சீரியலும் ஒண்ணுதானா?

ஒண்ணு இல்லைங்க. லத்தீன் அமெரிக்க நாடுகள்ல எடுக்கிற டிவி தொடர்தான் டெலிநோவெலா. அதுக்கு முடிவுன்னு ஒண்ணு உண்டு, அதான் பெரிய வித்தியாசம். டிவி நாவல்ங்கிறதுதான் பேரே, அங்க பேச்சுவாக்குல வெறும் நோவெலாம்பாங்க. வாரத்துல அஞ்சு நாள் ஓடி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள கதை முடிஞ்சிடும், அமெரிக்க சோப் ஓபரா மாதிரி முப்பது நாப்பது வருஷம் இழுக்க மாட்டாங்க.

அழுகாச்சி நாடகம்தானேன்னு ஒதுக்கிடாதீங்க. பெரு நாட்டுல 1969ல ‘சிம்ப்ளெமெந்தே மரியா’ன்னு ஒண்ணு வந்துச்சு (இது கொஞ்சம் நீளம்தான், 1971 வரைக்கும் போச்சு). கிராமத்துலேர்ந்து தலைநகர் லீமாவுக்கு வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணு மரியா, பணக்காரப் பையன் ஒருத்தன் ஏமாத்திட்டுப் போயிடுறான், கையில குழந்தை, அப்பவும் விடாம எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு தையல் மெஷின்ல உக்காந்து தச்சுத் தச்சே பெரிய டிசைனரா வந்துடுறா. எழுத்து சொல்லிக்கொடுத்த எஸ்தேபான் வாத்தியார் அத்தன வருஷமும் ஆசைய மனசுக்குள்ளயே வச்சிருந்து கடைசியிலதான் அவளைக் கட்டிக்கிறாரு. அந்தக் கல்யாண சீனை லீமாவுல நிஜ சர்ச்லயே எடுத்தாங்க. ஆயிரக்கணக்குல ஜனங்க நல்ல துணி உடுத்திக்கிட்டு, பரிசு எடுத்துக்கிட்டு, சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வர்ற மாதிரி வந்து நின்னுட்டாங்க! வீட்டு வேலை செஞ்ச பொண்ணுங்க நிறைய பேர் படிப்பு, தையல்னு கிளாஸ்ல சேர்ந்தாங்க, சிங்கர் மெஷின் விற்பனையும் எகிறிடுச்சு.

இதைக் கவனிச்ச மெக்சிகோக்காரர் மிகேல் சபிதோ, யதேச்சையா நடந்ததை ஏன் திட்டம் போட்டே செய்யக்கூடாதுன்னு யோசிச்சு 1975ல ‘வென் கொன்மிகோ’ன்னு முதியோர் கல்வியை வச்சே ஒரு நோவெலா எடுத்தாரு. இலவச பாடப்புத்தகம் இந்த இடத்துல கிடைக்கும்னு ஒரு எபிசோட்ல சொன்னதுதான் தாமதம், கூட்டம் அங்க போய் மொய்ச்சிடுச்சு. அடுத்து குடும்பக் கட்டுப்பாட்டை வச்சு ‘அகொம்பாஞாமே’. அவரோட இந்த முறையைப் பாத்துட்டுதான் நம்ம தூர்தர்ஷன்ல 1984ல ‘ஹம் லோக்’கே வந்துச்சு, அதாவது இந்தியாவோட முதல் சீரியலுக்கு வேர் அங்கதான் இருக்கு.

பாக்கணும்னு தோணுச்சுன்னா கொலம்பியாவுல 1999ல வந்த ‘யோ சோய் பெத்தி, லா ஃபேயா’லேர்ந்து ஆரம்பிங்க, ஃபெர்னாந்தோ கைத்தான் எழுதினது, ஹிந்தியில ‘ஜஸ்ஸி’ சீரியலா வந்ததும் இதுதான். முதலாளி மேல இருக்கிற காதலுக்காக பெத்தி கம்பெனிக்குப் பொய்க் கணக்கு எழுதிக் கொடுக்கிற கட்டம் வரும், அதுல பெத்தியா வர்ற அனா மரியா ஒரோஸ்கோ முகத்தை மட்டும் பாருங்க, என்னமா நடிச்சிருக்காங்க!