மதுரையில் இருந்து குடும்பத்தோடு ஜெர்மனி போகிறோம். அங்குள்ள அன்றாடப் பழக்கங்களுக்கு எப்படிப் பழகுவது?

கணவருக்கு ஸ்டுட்கார்ட்டில் இரண்டு வருட வேலை, பிள்ளைகள் அங்கே பள்ளியில் சேர வேண்டும், மாமியாரும் மூன்று மாதம் வந்து இருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே ஊரில் சில வருடம் குடியிருந்துவிட்டு மதுரைக்கே திரும்பிய குடும்பம் எங்களுடையது.

குளிரையும் சாப்பாட்டையும் நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். இரண்டும் சமாளிக்கக் கூடியவைதான். முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். நீங்கள் பழக வேண்டியது ஞாயிற்றுக்கிழமைக்கும், குடியேறப் போகும் கட்டடத்துக்கும்.

நள்ளிரவிலும் பரோட்டா கிடைக்கிற ஊர்க்காரர்கள் நாம். அங்கே ஞாயிறு என்றால் முழுக் கடையடைப்பு. ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க், காலையில் கொஞ்ச நேரம் பேக்கரி, அவ்வளவுதான். பால், தயிரைச் சனிக்கிழமையே வாங்கிவைத்துவிடுங்கள். ஞாயிறு சத்தமும் கூடாது. சுவரில் துளை போடுவது மட்டுமில்லை, காலிக் கண்ணாடி பாட்டில்களைத் தெருவில் இருக்கும் சேகரிப்புத் தொட்டியில் போடுவதும் அன்றைக்குத் தப்பு. மற்ற நாட்களில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். சில கட்டடங்களில் மதியம் 1 முதல் 3 வரையும் உண்டு. நாங்கள் மாவு அரைப்பதைச் சனிக்கிழமை நாலு மணிக்கு மாற்றிக்கொண்டோம், கிரைண்டருக்கு அடியில் தடித்த துண்டை மடித்துப் போட்டு. விடியற்காலையில் மிக்ஸி போடும் பழக்கம் மாமியாருக்கு இருந்தால் முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள். ஒரே ஆறுதல், பிள்ளைகள் போடும் சத்தம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேராது. விளையாட்டுத் திடல், மழலையர் பள்ளிச் சத்தத்தைத் தொந்தரவாகக் கருதக் கூடாது என்று 2011-ல் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள்.

அப்புறம் கேர்வோஹே. ஸ்டுட்கார்ட் பக்கத்துக்கே உரிய சமாச்சாரம் இது. மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வீட்டுக்கு ஒரு வாரம் முறை. முறை முடிந்தவர், அந்தப் பெயர் எழுதிய சின்னப் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுவார். பலகை தொங்கினால் அந்த வாரம் உங்களுடையது. படி பளபளவென்று இருந்தாலும் துடைத்தாக வேண்டும். இதில் பெரிய முறை என்று வேறு ஒன்று, அது நடைபாதை, நிலவறையெல்லாம் சேர்ந்தது. எங்களுக்கு எதிர் வீட்டுப் பாட்டி ஒருநாள் கதவைத் தட்டி, படியின் மூலையை விரலால் காட்டி, என் கையிலிருந்த துணியை வாங்கி, அந்த மூலையைத் துடைத்தே காட்டினார். பிறகு பிள்ளைகள் பெயரைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நம் தெருவில் இப்படிச் செய்தால் அன்றைக்கே சண்டை. அதனால்தான் நாம் வாசலில் நின்று யாருக்கோ சொல்வதுபோல ஜாடை பேசுகிறோம். அவர்களுக்கு ஜாடை தெரியாது. நேரே வந்து சொல்வார்கள், சொன்னதோடு மறந்துவிடுவார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருந்தால் பாதி பழகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

உபசாரத்திலும் அப்படித்தான். ஒருமுறை கேட்பார்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். என் அம்மா ஒரு வீட்டில், “இப்பத்தான் சாப்பிட்டோம்” என்று மரியாதைக்குச் சொல்லச் சொன்னார், நானும் ஜெர்மனில் சொன்னேன். கேக் தட்டு அப்படியே அவரைத் தாண்டிப் போனது. மறுபடி கேட்பார்கள் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தார் பாவம். பசித்தால் முதல் தடவையே சரி என்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் யார் வீட்டுக்கும் போய் நிற்காதீர்கள். பிறந்தநாள் வாழ்த்தை முந்தின நாளே சொல்லாதீர்கள், அபசகுனம் என்பார்கள்.

குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் தேவை, சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். குளிர்காலத்திலும் தினம் சில நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து காற்று விட வேண்டும், நம் சமையல் ஆவிக்குச் சுவர் பூஞ்சை பிடித்துவிடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், கேன் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள். சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள்.

பள்ளி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். காதுகுத்து, குலசாமி கும்பிடு என்று நினைத்தபோது லீவு போட முடியாது. முன்அனுமதி இல்லாமல் பிள்ளைகளை நிறுத்தினால் அபராதம் வரும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டால், அந்த நாள் ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தின் ஈஸ்டர் விடுமுறைக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். பெரும்பாலும் ஒத்துவராது. அப்படியானால் ஜெர்மனியிலேயே ஹம் நகரத்தில் ஈழத்தமிழர்கள் கட்டி 2002-ல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, கோடையை ஒட்டி அங்கே தேர் ஓடும். ஸ்டுட்கார்ட்டில் இருந்து தூரம்தான், ஆனால் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு.