மூடிய ஜாடிக்குள் செடி அழுகுவது ஏன்?

கேள்வி: மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடியில் கூழாங்கல், தொட்டி மண் போட்டு, கற்றாழை, ஃபிட்டோனியா, கொஞ்சம் பாசி வைத்து மூடினேன். இரண்டே வாரத்தில் இலைகள் கொழகொழத்துவிட்டன. மண்மேல் வெள்ளைப் பூஞ்சணம். அடியில் கல் போட்டும் ஏன் இப்படி?

பதில்: பூந்தொட்டிக்கு அடியில் ஓட்டை உண்டு, ஜாடிக்குக் கிடையாது. கல்லுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே போவதில்லை. ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணுக்கே வருகிறது. தேங்கிய நீரில் வேர் நிற்காமல் தூக்கிப் பிடிப்பது மட்டுமே கல்லின் வேலை. ஊற்றியது அதிகமானால் அதைக் கல்லால் சரிசெய்ய முடியாது. 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வளர்க்க மூடிவைத்த குப்பியில், ஈர மண்ணிலிருந்து பெரணி தானாகவே முளைத்தது. அந்த ஈரமே அதற்கு வருடக்கணக்கில் போதுமானதாக இருந்தது.

கற்றாழையை முதலில் வெளியே எடுங்கள். அதற்கு உலர்ந்த காற்று வேண்டும். மூடிய ஜாடிக்குள் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் அழுகத்தான் செய்யும்.

மறுபடி செய்யும்போது ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். அடியில் 2 செ.மீ. கழுவிய சரளை, அதன்மேல் மண் இறங்காதபடி நைலான் வலை, பிறகு 5 செ.மீ. மண்கலவை. தொட்டி மண்ணில் இருக்கும் எரு பூஞ்சணத்துக்குத் தீனி, அதனால் வேண்டாம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நான்கு பங்கு, கழுவிய பெருமணல் இரண்டு பங்கு, நொறுக்கிய மரக்கரி ஒரு பங்கு போதும். உரம் எதுவும் சேர்க்காதீர்கள்.

ஈரத்தை இங்கேதான் முடிவு செய்ய வேண்டும். கலவையில் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டும் வரக்கூடாது. சொட்டினால் தட்டில் பரப்பி உலரவிட்டு மறுபடி பிழிந்து பாருங்கள்.

இந்த அளவு ஜாடிக்கு மூன்று செடிகளுக்கு மேல் வேண்டாம். ஃபிட்டோனியா, சிறு பெரணி, பாசி நன்றாக ஒத்துப்போகும். வேரிலுள்ள பழைய மண்ணை அலசிவிட்டு நடுங்கள், பூச்சி முட்டைகள் பெரும்பாலும் அதோடு போய்விடும். இலை கண்ணாடியைத் தொடக்கூடாது. தொடும் இடத்தில் நீர் படிந்து அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். நட்டபின் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக விட்டு, இலைகள் உலரும்வரை ஒரு நாள் திறந்தே வையுங்கள்.

மூடிய பிறகு கண்ணாடியைப் பார்த்தாலே போதும். காலையில் படிந்த பனி மதியத்துக்குள் விலகினால் எல்லாம் சரி. சாயங்காலம் வரை முழு ஜாடியும் மங்கலாகவே இருந்தால், மூடியை நான்கு மணி நேரம் திறந்து உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். தேவைப்பட்டால் அடுத்த நாளும் செய்யுங்கள். தொடர்ந்து மூன்று நாள் பனியே படியாவிட்டால் மட்டும் இரண்டு தேக்கரண்டி தண்ணீர் விடுங்கள்.

வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. வெயிலில் வைத்த மூடிய ஜாடிக்குள் சூடு மளமளவென ஏறி, செடி வெந்துவிடும். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

முதல் மாதத்தில் லேசான வெள்ளைப் பூஞ்சணம் வந்தால் பயப்பட வேண்டாம். அந்த இடத்தைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, பழுத்த இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு நாள் திறந்து வையுங்கள். செடியின் தண்டிலேயே பூஞ்சணம் ஏறியிருந்தால் அந்தச் செடியை வேரோடு எடுத்துவிடுங்கள்.