பிசினஸ் கால்குலஸ் முடித்துவிட்டு நேராக கால்குலஸ் இரண்டில் சேரலாமா?

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) பிசினஸ் கால்குலஸில் ஏ கிரேடு, இப்போது யூசியில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கணினி அறிவியலுக்கு மாற நினைக்கிறீர்கள், நேராக கால்குலஸ் இரண்டு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. கிரேடு பிரச்சினையே இல்லை. அந்தப் பாடத்தில் முக்கோணவியல் பெரும்பாலும் வராது. கால்குலஸ் இரண்டிலோ, ஒன்றிலிருந்து எக்ஸ் வர்க்கத்தைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தைத் தொகையிடச் சொல்வார்கள். எக்ஸுக்குப் பதில் சைன் தீட்டா போடத் தோன்றாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

கால்குலஸ் ஒன்றிலிருந்தே தொடங்குங்கள். பிசினஸ் கால்குலஸ், கால்குலஸ் ஒன்று இரண்டையும் படித்தாலும் யூசி பொதுவாக ஏதாவது ஒரு பாடத்துக்குத்தான் யூனிட் (பாட மதிப்பு) தரும், கசப்பான கணக்குதான். முக்கோணவியல் மறந்திருந்தால், கூடவே நடக்கும் துணை வகுப்பு உண்டா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

பதிவு செய்யும் முன், எந்த காலேஜ் பாடத்தை எந்த வளாகம் ஏற்கும் என்று காட்டும் அசிஸ்ட் (ASSIST) தளத்தில் உங்கள் காலேஜ், போக விரும்பும் யூசி வளாகம், மேஜர் (முதன்மைப் பாடம்) மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். வளாகத்துக்கு வளாகம் பாடப் பட்டியல் மாறும்.

இன்னொன்று, பலர் சறுக்கும் இடம்: டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் காலேஜ்களில் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள்) கால்குலஸ் தொடர் 4 துண்டு, செமஸ்டர் காலேஜ்களில் 3. நடுவில் காலேஜ் மாறினால் ஒரு பகுதி விட்டுப்போகும், இன்னொன்றைத் திரும்பப் படிப்பீர்கள். தொடங்கிய இடத்திலேயே முடியுங்கள்.

செமஸ்டரில் 5 யூனிட் என்றால் வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து வாரம் சுமார் 15 மணி நேரம். வேலைக்கும் போகிறீர்கள் என்பதால் கோடை வகுப்பு வேண்டாம்; அதே பாடத்தை 6 அல்லது 8 வாரத்தில் திணிப்பார்கள்.