மேக் யார் பெயரில் ஓடியது? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். லினக்ஸில் ஒரு ப்ரோக்ராமின் சோர்ஸ் (மூல நிரல்) இறக்கியாயிற்று, மேக் கட்டளை கொடுத்துக் கம்பைல் செய்யப் போனால் பர்மிஷன் பிழை. எழுதுவதற்கு முன் 'ஐடி' அடித்து நீங்கள் யார் என்று பாருங்கள். 'எல்எஸ் மைனஸ் எல்டி' அடித்து டைரக்டரி யாருடையது என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நேற்று வரை ஒழுங்காகக் கம்பைல் ஆன ப்ராஜெக்ட். இன்று ஆப்ஜெக்ட் ஃபைலை உருவாக்க முடியவில்லை, 'பர்மிஷன் டினைட்' என்கிறது. நான் எதையுமே மாற்றவில்லை.

மாற்றியிருக்கிறீர்கள். இடையில் ஒரு தடவை 'சூடோ மேக்' (மேக்கை ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியாக, ஓட்டுவது) அடித்திருக்கிறீர்கள், அது ஞாபகத்தில் இல்லை. அந்த ஒரு ஓட்டத்தில் உருவான பில்டு டைரக்டரிகள் எல்லாம் ரூட் பெயரில் நிற்கின்றன. ஒரு ஃபைலைப் புதிதாக உருவாக்குவதும் அழிப்பதும் அது இருக்கும் டைரக்டரியின் அனுமதியைப் பொறுத்தது. டைரக்டரி ரூட்டுடையது என்றால் உங்கள் கம்பைலர் உள்ளே எதையும் வைக்க முடியாது.

ப்ராஜெக்டின் மேல் டைரக்டரியில் நின்று 'ஃபைண்ட் . மைனஸ் யூசர் ரூட்' கொடுங்கள். வருவது எல்லாம் பில்டில் உருவானவை மட்டும் என்றால், அந்த பில்டு டைரக்டரியை சூடோ போட்டு அழித்துவிட்டு உங்கள் பெயரில் புதிதாகக் கம்பைல் செய்யுங்கள். சோர்ஸும் கலந்திருந்தால் அந்த ஒரு டைரக்டரிக்கு மட்டும் 'சிஎச்ஓன்' (ஓனரை மாற்றும் கட்டளை) போட்டு உங்கள் பெயருக்குத் திருப்புங்கள்.

இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் மறுபடி அதே கடிதம் வருகிறது. கம்பைல் செய்வதற்கு ரூட் தேவையே இல்லை. சி ஃபைலைப் படித்து ஆப்ஜெக்ட் ஃபைல் எழுதுவதற்கு எந்த விசேஷ உரிமையும் வேண்டாம். மேக் படிக்கும் மேக்ஃபைல் என்பது வெறும் பட்டியல் இல்லை, அது ஒரு ப்ரோக்ராம். அதில் எழுதியிருக்கும் எந்தக் கட்டளையையும் ஷெல் அப்படியே ஓட்டும். 2002-ல் ஓபன்எஸ்எஸ்எச் 3.4பி1, சென்ட்மெயில் 8.12.6 இரண்டின் சோர்ஸ் கட்டுகளிலும் யாரோ நச்சு நிரலைச் செருகினார்கள். இரண்டுமே கம்பைல் செய்யும்போதுதான் விழித்தன, கம்பைல் செய்தவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதே உரிமையோடு ஓடின. சாதாரண யூசராகச் செய்தவருக்கு ஒரு அக்கவுண்ட் போயிற்று, ரூட்டாகச் செய்தவருக்கு முழு மெஷினும் போயிற்று. 2024-ல் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 விவகாரத்திலும் கெட்ட பகுதியை உள்ளே இழுத்து வந்தது பில்டு ஸ்கிரிப்ட்தான். க்னூ டார், கோர்யூட்டில்ஸ் இரண்டின் கன்ஃபிகரையும் (பில்டைத் தயார்செய்யும் ஸ்கிரிப்ட்) ரூட்டாக ஓட்டிப் பாருங்கள், ரூட்டாக ஓட்டக் கூடாது என்று சொல்லி நின்றுவிடும். எழுதியவர்களே அப்படி நிறுத்தியிருக்கிறார்கள்.

கன்ஃபிகர், மேக், மேக் செக் மூன்றும் உங்கள் பெயரில். மேக் இன்ஸ்டால் மட்டும் சூடோவில், அதையும் 'மேக் மைனஸ் என் இன்ஸ்டால்' கொடுத்து என்ன செய்யப்போகிறது என்று படித்த பிறகு. ப்ரிஃபிக்ஸை (நிறுவும் இடத்தை) உங்கள் ஹோம் டைரக்டரிக்குள் வைத்தால் சூடோவே வேண்டாம்.

கேள்வி: ரூட்டாக டார் கோப்பை (சோர்ஸ் கட்டை) பிரித்தேன். ஃபைல்களின் ஓனர் இடத்தில் பெயருக்குப் பதில் 1000 மாதிரி ஏதோ நம்பர் நிற்கிறது. வைரஸா?

இல்லை. கட்டியவருடைய யூசர் நம்பர். ரூட்டாகப் பிரித்தால் டார் பழைய ஓனரைத் திரும்ப வைக்கப் பார்க்கும், அந்தப் பெயரில் ஆள் இல்லையென்றால் நம்பரை அப்படியே வைத்துவிடும். நாளைக்கு அதே நம்பரில் புது யூசர் வந்தால் உங்கள் சோர்ஸ் அவருடையது. உங்கள் பெயரில் பிரியுங்கள், அல்லது 'நோ-சேம்-ஓனர்' ஆப்ஷன் கொடுங்கள். பென்டிரைவில் பிரித்து 'கேனாட் சேஞ்ச் ஓனர்ஷிப்' வந்தவருக்கும் இதே பதில்தான்: ஃபேட் வகை ஃபைல்சிஸ்டத்தில் ஓனரைக் குறித்துவைக்க இடமே கிடையாது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) போட்டேன், வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. மெஷினில் உள்ள யார் வேண்டுமானாலும் உங்கள் மேக்ஃபைலில் ஒரு வரி சேர்க்கலாம், அதை அடுத்த தடவை நீங்களே ஓட்டுவீர்கள்.

கேள்வி: மேக் இன்ஸ்டால் வரவில்லை. அவசரம். தீர்வு சொல்லவும்.

என்ன கட்டளை, என்ன செய்தி, எந்த டைரக்டரி, ஒன்றும் எழுதவில்லை. நான் எதைப் பார்த்துச் சொல்வது? 'பர்மிஷன் டினைட்' வேறு, 'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்' வேறு. முதலாவதில் பெரும்பாலும் ஃபைலின் அல்லது டைரக்டரியின் அனுமதி தடுக்கிறது. இரண்டாவதில் அந்தக் காரியத்தைச் செய்யவே உங்களுக்கு உரிமை இல்லை. லினக்ஸில் ஒரு ஃபைலின் ஓனரை மாற்றுவது ரூட்டின் வேலை, உங்கள் சொந்த ஃபைலைக்கூட இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. மேக்ஃபைலில் ஓனர் ரூட் என்று எழுதியிருந்து நீங்கள் சாதாரண யூசராக இன்ஸ்டால் செய்தால் இந்த இரண்டாவது செய்திதான் வரும். பேக்கேஜ் கட்டுவதற்காகச் செய்கிறீர்கள் என்றால் ரூட் மாதிரி பாவனை செய்யும் ஃபேக்ரூட் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் செய்தியை முழுதாக ஒட்டுங்கள்.

கேள்வி: நான் ரூட்தான். அப்படியும் கன்ஃபிகரை ஓட்டினால் 'பர்மிஷன் டினைட்'.

ஸ்கிரிப்டில் எக்ஸ் பிட் (ஓட்டும் அனுமதி) இல்லை, அல்லது அந்த பார்ட்டிஷன் 'நோஎக்ஸெக்' ஆக (எதையும் நேரடியாக ஓட்ட விடாதபடி) மவுண்ட் ஆகியிருக்கிறது. என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்க்) என்றால் இன்னொன்றும் உண்டு: சர்வர் உங்கள் ரூட்டை நோபடி என்ற உரிமையில்லாத யூசராக, பொதுவாக 65534 என்ற நம்பராக, மாற்றிவிடும். அங்கே உங்களைவிட சாதாரண யூசருக்கே அதிகாரம் அதிகம். எப்படியானாலும் கன்ஃபிகருக்கு ரூட் எதற்கு?

கேள்வி: சூடோ தொல்லையே வேண்டாம் என்று யூஎஸ்ஆர் (சிஸ்டத்தின் ப்ரோக்ராம்கள் இருக்கும்) டைரக்டரி முழுவதையும் என் பெயருக்கு மாற்றிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். முன்பு நான் இருந்த ஒரு அலுவலகத்தில் ஒருவர் யூஎஸ்ஆருக்குள் இருக்கும் 'லோக்கல்' டைரக்டரியின் ஓனரை மட்டும் மாற்றப் போனார். பாதையில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு என்டர் தட்டினார். இரண்டு மூன்று வினாடியில் கன்ட்ரோல்-சி அடித்தார், அதற்குள் கட்டளைகள் இருக்கும் 'பின்' (bin) என்ற டைரக்டரி முழுக்க மாறி முடிந்திருந்தது. ஓனர் மாறும்போது செட்யூஐடி பிட்டும் (ப்ரோக்ராமை அதன் ஓனரின் உரிமையோடு ஓட விடும் குறி) விழுந்துவிடும். அடுத்து சூடோ அடித்தால், தன் ஓனர் யூஐடி 0 ஆக இருக்க வேண்டும், செட்யூஐடி பிட் இருக்க வேண்டும் என்று சொல்லி நின்றுவிட்டது. ரூட் பாஸ்வேர்டும் வைத்திருக்கவில்லை. ரெஸ்க்யூ டிஸ்கில் பூட் செய்து பேக்கேஜ்களைத் திரும்ப நிறுவி முடிக்க அன்று முழுக்கப் போயிற்று. 'மைனஸ் பெரிய ஆர்' (உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவது) போடும்போது பாதையை இரண்டு தடவை படியுங்கள்.

கேள்வி: டாக்கர் கன்டெய்னருக்குள் (மெஷினுக்குள் தனியாகப் பிரித்த சூழலுக்குள்) கம்பைல் செய்தால் வெளியே எல்லாம் ரூட் பெயரில் வருகிறது.

உள்ளே நீங்கள் ரூட். டாக்கர் ரன் கொடுக்கும்போது 'யூசர்' ஆப்ஷனில் உங்கள் யூசர் நம்பரையும் குரூப் நம்பரையும் கொடுங்கள்.

கேள்வி: மேக் நடுவில் கிட் (சோர்ஸின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) 'டூபியஸ் ஓனர்ஷிப்' என்று நிற்கிறது.

2022 ஏப்ரலில் வந்த 2.35.2 முதல், ரெப்பாசிட்டரி வேறொருவர் பெயரில் இருந்தால் கிட் தொடாது. ஓனரைச் சரிசெய்வதுதான் முதல் வழி. முடியாவிட்டால் கிட்டின் 'சேஃப்.டைரக்டரி' அமைப்பில் அந்த ஒரு பாதையை மட்டும் சேருங்கள், எல்லாப் பாதையையும் அனுமதிக்கும் நட்சத்திரக் குறி போடாதீர்கள்.

கேள்வி: இன்ஸ்டால் ஆகிவிட்டது. ரூட்டுக்கு ஓடுகிறது, மற்றவர்களுக்கு 'பர்மிஷன் டினைட்'.

இன்ஸ்டால் செய்த ரூட் ஷெல்லில் யூமாஸ்க் (புதிதாக உருவாகும் ஃபைல்களுக்கு எந்த அனுமதியை மறுப்பது என்ற அமைப்பு) 077 ஆக இருந்திருக்கும், அதாவது மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. 'நேம்ஐ மைனஸ் எல்' கொடுத்து முழுப் பாதையையும் பாருங்கள், எந்த டைரக்டரியில் அடைபடுகிறது என்று வரிசையாகக் காட்டும். அந்த டைரக்டரிக்கு 755 கொடுத்து, யூமாஸ்க்கை 022 ஆக்கி இன்னொரு தடவை இன்ஸ்டால் செய்யுங்கள். மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை.